பளபளன்னு தேச்சு வச்சிருக்காளாம்!

பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ள கம்பிநாரப் போட்டு தேய்க்கிற கைக்கெல்லாம் நரகத்துல ஒரு தனி அடுப்பு எரியணும்னு வேண்டிக்கிடுதேன். கோவத்துலதான் டைப் பண்ணுதேன், தப்புத்தவறு இருந்தா இருந்துட்டுப் போவுது.

எங்க அப்பார்ட்மெண்ட்ல, பாளையங்கோட்டைலதான், பொங்கல் கழிஞ்சு ஒரு ஞாயித்துக்கெழம பாட்லக் வைப்பாவ. ஆளுக்கொரு பதார்த்தம் வீட்ல செஞ்சு மொட்டமாடிக்கு கொண்டாந்து எல்லாரும் சேந்து சாப்புடணும். நல்ல பழக்கந்தான், அத நான் ஒண்ணும் சொல்லல. இந்த வருஷம் வாட்சப் குரூப்ல ஒரு மதினி தீம் வச்சாவ. வின்டேஜ் தீமாம். பழைய பாத்திரத்துல சமைச்சு அந்தப் பாத்திரத்தோடயே கொண்டாரணுமாம், போட்டோவுக்கு நல்லாருக்குமாம். கேட்டியளா, போட்டோவுக்கு. அப்பவே விளங்கிட்டு, இந்தச் சோறு எவன் வயித்துக்கும் இல்ல, செல்லுக்குத்தான்னு.

எங்க வீட்ல ஆச்சியோட பித்தளைச் சருவம் ஒண்ணு கெடக்கு. கல்யாணச் சீர்ல வந்தது, கழுத்தோரம் புள்ளி புள்ளியா ஆச்சி பேரு வெட்டிருக்கும், வெறுஞ்சட்டிய தூக்குனாலே குறுக்கு புடிச்சுக்கிடும். எவர்சில்வர் புதுசா வந்த காலத்துல பாத்திரக்காரன் தெருத்தெருவா வந்து பழைய பித்தளைய எடைக்குப் போட்டுட்டு எவர்சில்வர் கொடம் வாங்கிக்கிடுங்கன்னு கூவ, தெருவே அண்டா, தவலை, குத்துப்போணின்னு அள்ளிக்கொண்டு போயி போட்டுச்சு. எங்க ஆச்சி மட்டும் 'போலே அங்கிட்டு'ன்னு வெரட்டி விட்டுட்டா. அன்னைக்கு எடைக்குப் போட்ட வீட்டுக்காரங்கதான் இன்னைக்கு பழம்பொருள் விக்கிற ஆன்டிக் கடைல போயி சொன்ன வெலைக்கு அதையே வாங்கி ஹால்ல தண்ணி ஊத்தி பூ மெதக்க விடுதாவ. இதச் சொன்னா எனக்குப் பொறாமையாம். எனக்கென்ன பொறாம, என்கிட்டதான் சருவம் இருக்குல்லா.

சரி, பித்தளைல சமைக்கணும்னா உள்ள ஈயம் இருக்கணும். இது எங்க தலமுறைக்குக்கூட பாதிப் பேருக்குத் தெரியல, சின்னப்புள்ளைகள என்ன சொல்ல. பித்தளைங்கது செம்பும் துத்தநாகமும் கலந்தது, புளி, எலுமிச்சம்பழம், தயிருன்னு எந்தப் புளிப்பு பட்டாலும் களிம்பு ஏறிரும், வாயில வச்சா கசக்கும், வயித்தப் பெரட்டும். அதுக்குத்தான் உள்பக்கம் ஈயம் பூசுறது. முன்னால எல்லாம் ஈயம் பூசுறதுன்னு சத்தம் போட்டுக்கிட்டு தெருவுக்கே வருவாவ, இப்போ அந்தச் சத்தம் எங்க கேக்குது? டவுன்ல ரதவீதிப் பக்கம் ஒவ்வொரு பாத்திரக்கடையா ஏறி எறங்குனேன். பாதிக்கடைல என்னைய ஒரு மாதிரி பாத்தாவ, ஒரு பையன் அதெல்லாம் எதுக்குக்கா நான்ஸ்டிக் எடுத்துக்கிடுங்களேங்கான். கடைசில ஒரு பெரியவர் இருக்காருன்னு வழி சொல்ல, சருவத்த ஆட்டோல ஏத்திக்கொண்டு போயி எறக்குனேன்.

அந்தப் பெரியவர் வேலையப் பாக்கணுமே. மொதல்ல ஈயக் கம்பிய என் காதோரமா வச்சு வளைச்சுக் காட்டுனாரு, உள்ளுக்குள்ள கறுக்கு முறுக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. இதாம்மா வெள்ளீயம், காரீயம் கலந்தா இந்தச் சத்தம் கொறைஞ்சுரும்னாரு. காரீயம்னா லெட்டு, சல்லிசா கெடைக்கும், ஆனா அது ஒடம்புக்கு வெஷம், அதக் கலந்து பூசுற ஆளும் இருக்கானுவ, அதனால கேட்டுப் பாத்துத்தான் குடுக்கணும். பொறவு குழில கரிய மூட்டி, சருவத்த மேல வச்சு பெரட்டிப் பெரட்டி காயவிட்டு, நவச்சாரப் பொடியத் தூவுனாரு பாருங்க, குப்புன்னு வெள்ளப் புகை, எனக்கு கண்ணு மூக்கெல்லாம் தண்ணி. அந்தச் சூட்டுல ஈயக் கம்பிய லேசா தொட்டுவச்சு பஞ்ச எடுத்து உள்ளுக்க ஒரே வீச்சா சுத்தித் தேச்சதும் மஞ்சளா இருந்தது பூரா வெள்ளவெளேர்னு ஆயிட்டு, அப்படியே தண்ணில முக்குனாரு, சொய்ங்ங்னு ஒரு சத்தம், முடிஞ்சது. அந்தப் பூச்சு வெங்காயத் தோலு கனங்கூட இருக்காது. வெறும் பாத்திரமா அடுப்புல காய விட்டுராத, ஈயம் 232 டிகிரிலயே உருகிரும், எண்ணெய காயவச்சு தாளிக்கிற சோலியும் இதுல வேண்டாம், கம்பிநாரக் கண்ணுலயே காட்டாதன்னு அவ்வளவு பதனமா சொல்லி அனுப்புனாரு மனுசன்.

செஞ்சது சொதி. நம்மூர்ல கல்யாணத்துக்கு மறுநா மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வைக்கிற அதே மாப்பிள்ளைச் சொதி. தேங்காயத் துருவி மொதப்பால், ரெண்டாம்பால், மூணாம்பால்னு தனித்தனியா புழிஞ்சு வைக்கணும், பாக்கெட்ல விக்கிற தேங்காப்பால ஊத்திட்டு சொதின்னு சொல்றவங்ககூட எனக்குப் பேச்சே கெடையாது. பாசிப்பருப்ப வறுத்து வேக வச்சு, கேரட்டு, பீன்சு, உருளை, பட்டாணி, முருங்கக்கா எல்லாம் மூணாம்பால்ல வெந்து, இஞ்சியும் பச்சமொளகாயும் அரச்ச விழுது போட்டு ரெண்டாம்பால் ஊத்தி கொதிச்ச பொறவு, கடைசில மொதப்பால ஊத்திட்டு அந்தாக்ல நிக்கணும், போன் அடிச்சாலும் நகரக்கூடாது. ஓரத்துல நுரை கட்டுததா, அதான் பதம், எறக்கிரணும். எவர்சில்வர்ல அடுப்ப அணைச்சா அதோட போச்சு. சருவம் அப்படி இல்ல, அடுப்ப அணைச்ச பொறவும் அது பாட்டுக்கு சூட்ட வச்சு வேக வச்சுக்கிட்டே இருக்கும், கொஞ்சம் அசந்தாலும் பால் திரிஞ்சுரும். அதனால நுரை கட்டுததுக்கு ஒரு நொடி முன்னாலயே எறக்குனேன். கொஞ்சம் ஆறுனதும் எலுமிச்சம்பழம் புழிஞ்சு, தாளிப்ப தனிக் கரண்டில போட்டு மேல கொட்டுனேன். தொட்டுக்க இஞ்சிப் பச்சடி, உருளக்கெழங்கு சிப்ஸ். வாசம் மூணாவது மாடி வரைக்கும் போச்சுன்னு வாட்ச்மேன் அண்ணாச்சியே சொன்னாரு.

மாடிக்குப் போனா அங்க ஒரு கூத்து. கடைல வாங்குன பிரியாணிய ஆன்லைன்ல வாங்குன மண்சட்டில கவுத்து வச்சிருக்கு ஒரு வீடு, சட்டிக்கு அடில வெல ஸ்டிக்கர்கூட கிழிக்கல. மண்சட்டி செய்யுத காருகுறிச்சி நம்மளுக்கு எட்டுற தூரத்துலதான இருக்கு, அங்க போயி ஒரு சட்டி வாங்குனா கையா முறிஞ்சுரும்? இன்னொருத்தி அலங்காரத்துக்கு விக்கிற பித்தளை உருளி, மங்காம இருக்க மேல வார்னிஷ் அடிச்சது, அதுல சுடச்சுட பாயசத்த ஊத்தி வச்சிருக்கா. அந்த வார்னிஷ யாரு குடிக்க? ஈயமே பூசாத பித்தளைக் கிண்ணத்துல தயிர்ப்பச்சடி வேற, ஓரத்துல லேசா பச்ச பாஞ்சு இருக்கு, நான் பைய அந்த மதினிகிட்ட போயி இது வேண்டாம் மதினி கீழ ஊத்திருங்கன்னு சொன்னதுக்கு, அந்தக் காலத்துல எல்லாம் இதுலதான சாப்பிட்டாவ, எம்புட்டு ஆரோக்கியமா இருந்தாவன்னு எனக்கே கிளாஸ் எடுக்காவ. அந்தக் காலத்துல ஈயம் பூசி சாப்பிட்டாவ மதினி! செம்புப் பாட்டில்ல லெமன் ஜூஸ் ஊத்திக் குடிக்கிற கூட்டமும் இதே கூட்டந்தான்.

எல்லாரும் வந்து சருவத்தப் பாத்தாவ. ஐயோ அழகு, எங்க வாங்குனிய, எம்புட்டு ஆச்சு, இத வித்தா என்ன போவும்னு ஒரு சார் தட்டித் தட்டிப் பாக்காரு. கொழந்தைய உள்ள உக்கார வச்சு போட்டோ எடுக்கலாமான்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு, சொதி இருக்குட்டி உள்ள! நான் செரட்ட அகப்பைய போட்டு வச்சிருந்தேன், கோருததுக்கு செரமமா இருக்குன்னு அத எடுத்து ஓரமா போட்டுட்டு எவர்சில்வர் கரண்டிய விட்டு அடில கரகரன்னு சொரண்டுதாவ. சொதி நல்லாருக்கான்னு ஒருத்தர் வாயிலருந்தும் வரல. ஒரு அண்ணாச்சி மட்டும், வயசானவரு, ரெண்டாவது தடவ வாங்கி ஊத்திக்கிட்டு இஞ்சி கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா, அதான் சொதின்னாரு. அவரு நல்லாருக்கணும்.

அடுத்ததுதான் விஷயமே. சாயந்தரம் சருவத்த எடுக்கலாம்னு மாடிக்குப் போறேன், வச்ச எடத்துல காணல. தண்ணித்தொட்டி பக்கத்துல ஒரு பொண்ணு, நல்ல புள்ளைதான், உதவி பண்ணுதேன்னு நெனச்சு பார் சோப்பும் கம்பிநாரும் வச்சு உள்ள கையவிட்டு உயிரக் குடுத்து தேய்க்கா. நான் போறதுக்குள்ள முடிச்சிட்டா. அக்கா உள்ள வெள்ளையா ஏதோ படிஞ்சு கெடந்துச்சு, போவவே மாட்டேன்னுட்டு, விட்டனா பாருங்க, இப்போ எப்படி பளபளன்னு தங்கமா இருக்குன்னு சிரிக்கா.

தங்கமா. அடிப்பாவி மவளே.

என்ன சொல்லுவேன், அழுவவா, சிரிக்கவா? எட்டிப் பாக்கேன், உள்ள மஞ்சப் பித்தளை பல்ல இளிக்கி, அடில ஒரு கையகலத்துக்குத்தான் ஈயம் பாக்கி, அதுலயும் கரண்டிக் கீறலு. அந்தப் பெரியவர் புகையத் தின்னு பூசுனது ஒரு பார் சோப்போட தொட்டித்தண்ணில போயிட்டு. அந்தப் புள்ளையச் சொல்லிக் குத்தமில்ல, அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? தீம் வச்சவங்களச் சொல்லணும். பழசு வேணும், அதப் படம் புடிக்கணும், ஆனா அத எப்படிக் கழுவணும்னு ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். கொஞ்சம் புளியும் தேங்கா நாரும் வெளிப்பக்கத்துக்கு, உள்ளுக்க அரப்பு இல்லன்னா சாம்பல மெத்துன்னு துணியால தொடச்சா போதும். இவ்வளவுதான். இதக்கூட கேக்காம வின்டேஜ் என்ன வேண்டிக் கெடக்கு.

குரூப்ல கேட்டதுக்கு ஒரு மதினி விடுங்க ஒரு பாத்திரத்துக்குப் போயிங்காவ. இன்னொருத்தர் அப்படியே ஷோகேஸ்ல வச்சிருங்க, இன்னும் லுக்கா இருக்கும்னு ஐடியா குடுக்காரு. ஷோகேஸ்ல வைக்கவா ஆச்சி பாத்திரக்காரன வெரட்டுனா? எனக்கு அதுல மறுபடி சொதி வைக்கணும்.

ஈயம் பூசுற கூலி, ஆட்டோ துட்டு ரெண்டையும் கூட்டி, பதினாறு வீட்டுக்குப் பிரிச்சு, க்யூஆர் கோடோட குரூப்ல போட்டுட்டேன். ராத்திரி போட்டது, பாத்தவங்க பேரு ஏறிக்கிட்டே இருக்கு, ஒரு வீட்டுத் துட்டும் வரல. அந்தத் தீம் மதினி மட்டும் காலைலயே ரிப்ளை பண்ணிட்டாவ, அடுத்த பாட்லக்குக்கு கல்சட்டி தீம் வைப்போமா, உங்க வீட்ல கல்சட்டி இருக்கான்னு.