திறந்த கத்திச் சவரம்: காக்க வேண்டியதும் கைவிட வேண்டியதும்

முடிதிருத்தும் நிலையத்து நாற்காலியில் சாய்ந்து, கழுத்தை இன்னொருவர் கையில் ஒப்படைத்து, திறந்த கத்தியால் முகச்சவரம் செய்துகொள்வதை ஆடம்பரம் என்றோ காலாவதியான பழக்கம் என்றோ ஒதுக்கிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது தேர்ந்த கைவினை, காக்கப்பட வேண்டியது. ஆனால், பல முகங்களுக்கு ஒரே கத்தி என்ற பழைய முறையையும் சேர்த்து மீட்டெடுக்க விரும்புகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

இந்தச் சவரத்தின் பாதி வேலை கத்தியை எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முடி நீரை உறிஞ்சும் தன்மை கொண்டது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் போர்த்தி வைத்தால் தாடிமுடி ஊறி மென்மையாகி, அதை வெட்டுவதற்கான விசை வெகுவாகக் குறைந்துவிடும். அதன்பின் வரும் நுரை அந்த ஈரத்தை ஆவியாகாமல் பிடித்து வைத்து, கத்திக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கலை உண்டாக்குகிறது. பிரஷ்ஷை வட்டமாகச் சுழற்றித் தேய்ப்பதும் வெறும் அழகுக்காக அன்று; படிந்து கிடக்கும் முடிகளை அது நிமிர்த்திவிடுகிறது. நேரமில்லை என்று இந்தக் கட்டத்தைச் சுருக்கச் சொல்லும் வாடிக்கையாளர், பின்னால் வரும் எரிச்சலுக்குக் கத்தியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

கத்தி தோலைத் தொடும்போது கவனிக்க வேண்டியது கத்தி பிடிக்காத கையைத்தான். அந்தக் கை தோலை இழுத்துத் தட்டையாக்காவிட்டால் எவ்வளவு கூரான கத்தியும் பள்ளத்தில் தடுக்கி வெட்டிவிடும். கன்னத்தில் கீழ்நோக்கி வளரும் முடி கழுத்தில் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ திரும்பக்கூடும்; சிலருக்குத் தாடைக்கடியில் சுழியே இருக்கும். அதையெல்லாம் விரல் நுனியால் தடவி அறிந்து, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், அழுத்தாமல் கத்தியை ஓட்ட வேண்டும். சாய்வு குறைந்தால் கத்தி முடியை வெட்டாமல் இழுக்கும். கூடினால் தோலைச் சுரண்டும். குரல்வளை மேட்டின் மேல் நேராகக் கத்தி வைக்காமல், அங்குள்ள தோலைப் பக்கவாட்டில் நகர்த்தி, சமமான இடத்தில் வைத்து மழிக்கும் அந்த ஒரு நுட்பம் போதும், கை எவ்வளவு பழகியது என்பதைக் காட்ட.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் ஸோலிங்கனிலும் உருவான, இருபுறமும் குழிவாகச் சாணை பிடிக்கப்பட்ட எஃகுக் கத்திகளின் மீது பலருக்குத் தீராத காதல் உண்டு. அவற்றின் வேலைப்பாட்டை நானும் மதிக்கிறேன். 1903இல் விற்பனைக்கு வந்து 1904இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் கிங் கேம்ப் ஜில்லெட்டின், பிளேடை மாற்றிக்கொள்ளும் சவரக்கருவி, முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தபின், வீட்டில் தாமே மழித்துக்கொள்ளும் வழக்கம் வேகமாகப் பரவியது. அதற்குப் பிறகு பழைய முழுக்கத்தி மெல்லப் பின்வாங்கியது. முடிதிருத்துநர்களின் கையில், ஒவ்வொருவருக்கும் புதிதாக அரை பிளேடு செருகி மாற்றக்கூடிய கத்தி இடம்பிடித்தது. இதை மரபின் வீழ்ச்சி என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் துளியும் இல்லை.

காரணம் எளிது. கண்ணுக்குத் தெரியாத கீறலில் கசியும் இரத்தமே தொற்றுக்குப் போதும். இரத்தம் வழியே பரவி கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனோடு இருக்கக்கூடியது. எஃகைக் கிருமி நீக்கம் செய்துவிடலாம். அதைத் தீட்டும் தோல்வாரை அப்படிச் செய்ய இயலாது. கூர்மை என்ற கணக்கிலும் புதிய பிளேடே நல்லது. எஃகு முடியைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. ஆயினும், எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடத்தில் குறிப்பிட்ட கோணத்தில் மோதும் ஒற்றை முடிகூட விளிம்பைச் சில்லாகப் பெயர்க்க முடியும் என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். ஒரு தாடியை மழித்த பிளேடு உண்மையிலேயே தேய்ந்த பிளேடுதான்.

பிளேடை மாற்றச் சொல்லிக் கேட்பவர்கள்கூடக் கவனிக்கத் தவறுவது படிகாரக் கல்லை. இரத்தக்கசிவை நிறுத்தித் தோலைச் சுருக்கும் அருமையான பொருள் அது. ஆனால் ஒரே கல்லை எல்லார் கீறலிலும் தேய்த்தால், பிளேடு மாற்றியதன் பயனில் ஒரு பங்கு வீணாகிவிடுகிறது. தூளாக்கியோ நீரில் கரைத்தோ, ஒருவருக்குப் பயன்படுத்தியதை எறிந்துவிடும் பஞ்சால் தொட்டுவைப்பதே சரி. துண்டுக்கும் பிரஷ்ஷுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். புதிய பிளேடை என் கண்முன்னே பிரியுங்கள் என்று கேட்பது அவமதிப்பு ஆகாது; கீறலில் கசியும் சொட்டு இரத்தம் முதலில் படுவது முடிதிருத்துநரின் விரலில்தான் என்பதால், அது அவருடைய பாதுகாப்புக்கான பேச்சும்கூட.

இன்னும் ஒன்று. வழவழப்புக்காக முடியின் போக்குக்கு எதிராக மழிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சுருள் முடிக்காரர்களுக்கு, தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்ட முடி உள்ளுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கொப்புளமாகும். அவர்களுக்கு முடியின் போக்கிலேயே ஒருமுறை மழிப்பது போதும். முகப்பரு வெடித்திருக்கும்போது கத்தியை அங்கே வைக்கவே கூடாது. அதைப் பார்த்ததும் ஆறட்டும், பிறகு வாருங்கள் என்று வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொல்லும் முடிதிருத்துநரிடம் என் கழுத்தை நான் அச்சமின்றி ஒப்படைப்பேன்.