ராத்திரி 11 மணிக்கு வந்த ஒரு வரி

வேலையிடத்தில் எதையாவது மாற்றுவதற்கு முன்னால், செய்கிற ஆளிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சிங்கப்பூரில், துவாஸில் எங்கள் கிடங்கில் ஷிஃப்ட் ஒப்படைக்கும் நோட்டை எடுத்துவிட்டார்கள். இனி எல்லாம் ஆப்பில்தான் என்று ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி, அவ்வளவுதான். காலையில் போனால், எந்த ஃபோர்க்லிஃப்டில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, எந்த ரேக் வளைந்திருக்கிறது, எதுவும் தெரியவில்லை. ராத்திரி ஷிஃப்ட் அண்ணன் ஒழுங்காக ஆப்பில் போட்டிருக்கிறார். எனக்குத்தான் இன்னும் பாஸ்வேர்டே வரவில்லை!

ஆப் வேண்டாம் என்று சொல்லவில்லை. நோட்டில் கையெழுத்துப் புரியாமல் பட்ட பாடு போதும். ஆனால் தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் பாதுகாப்பு பற்றிப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங் நடக்கிறதே, அங்கே தமிழிலும் சீனத்திலும் ஐந்து நிமிடம் விளக்கியிருக்கலாம். கொஞ்ச நாள் நோட்டும் ஆப்பும் சேர்ந்தே ஓடியிருக்கலாம்.

நாங்கள் வேலை நேரத்தை மாற்றிக் கேட்பதற்கு, 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டியில் முறை இருக்கிறது: எழுதிக் கொடுக்க வேண்டும், முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்த ஒழுங்கில் கால்வாசியாவது எங்களிடமும் காட்டுங்கள். பிரேக் பிடிக்காத வண்டியில் ஏறுவது நாங்கள்தான்.