எர்த் இல்லாத வீட்டில் ஆலாபனை கேட்பது எப்படி?

ராத்திரி பதினொரு மணி. தெரு அடங்கிவிட்டது, வீட்டில் எல்லாரும் தூங்கியாயிற்று. ஆசை ஆசையாக ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஸ்பீக்கரிலிருந்து ஒரு "ம்ம்ம்ம்". தம்புரா என்று நினைத்துவிடாதீர்கள். இது கரண்டுத் தம்புரா, ஹம் என்பார்கள். 50 ஹெர்ட்ஸ் சுருதி, கூடவே அதன் பிள்ளைகுட்டிகள் 100, 150. எந்தக் கட்டையில் பாடினாலும் இதோடு சேராது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மவுஸை நகர்த்தினால் "கிர்ர்ர்" என்கிறது. திரையில் பக்கத்தைத் தள்ளினால் "வீய்ங்". கம்ப்யூட்டர் வேலை செய்வதைக் காதால் கேட்கவா, அதிலிருந்து வரும் டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கேற்ற அனலாக் மின் அலையாக மாற்றுகிற டாக் பெட்டி ஒன்றை ஆறு மாதம் காசு சேர்த்து வாங்கினேன்?

விற்ற கடையில் போய்க் கேட்டேன். "கேபிள மாத்துங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்றார். எவ்வளவு? 18,000 ரூபாய். யுஎஸ்பி ஒயருக்கு! அதில் தங்க முலாம் வேறு. நண்பனிடம் புலம்பினால் அவன் வேறு மாதிரி படுத்துகிறான்: "டிஜிட்டல்னா வெறும் 0, 1தானேடா. அதுல எப்படி இரைச்சல் வரும்? உன் காதுலதான் கோளாறு."

ரெண்டு பேரும் தப்பு. 0, 1 பத்திரமாகத்தான் போய்ச் சேருகிறது. ஆனால் யுஎஸ்பி ஒயரில் டேட்டா மட்டுமா போகிறது? 5 வோல்ட் ஒரு கம்பியில், கிரவுண்ட் ஒரு கம்பியில். கம்ப்யூட்டரின் குப்பையெல்லாம் அந்தக் கிரவுண்ட் வழியாக டாக் பெட்டிக்குள் நுழைந்து, பாட்டு அனலாக் ஆகிற இடத்தில் கலந்து, அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. தங்க முலாம் பூசினால் குப்பையும் ஜோராகப் போகும், அவ்வளவுதான்.

எனக்குப் புத்தி வந்தது தற்செயலாக. செருப்பில்லாமல் நின்றுகொண்டு கம்ப்யூட்டர் கேபினெட்டைப் புறங்கையால் தடவினேன். சுருசுருவென்று எறும்பு ஊர்வது போல் இருந்தது. டெஸ்டரை வைத்தேன். கேபினெட் தகரத்தில் பளிச்சென்று எரிகிறது! கம்ப்யூட்டருக்குக் கரண்டு தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புத் தகரத்துக்கு ரெண்டு குட்டிக் கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். அந்தக் கசிவு எர்த்தில் இறங்க வேண்டும். எர்த் இல்லையென்றால் தகரம் 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். கசிவு மிகக் குறைவுதான், ஆளைக் கொல்லாது. ஆனால் போக ஒரு வழி தேடும். என் வீட்டில் அது தேடிக்கொண்ட வழி டாக், ஆம்ப்ளிஃபயர், செட்டாப் பாக்ஸ், அதற்குப் பின்னால் தெருவிலிருந்து வரும் கேபிள் டிவி ஒயர்.

மெயினை அணைத்துவிட்டு ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தேன். சாக்கெட்டில் மேலே எர்த்துக்கான பெரிய ஓட்டை ஜம்மென்று இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. பச்சை ஒயர் நாலு விரல் நீளத்துக்கு மடிக்கப்பட்டு, கறுப்பு டேப் சுற்றி, பெட்டி மூலையில் சுருண்டு கிடந்தது. எவனோ ஒரு மகராசன் அதைச் சுவர் வழியாக அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான், ஒரே ஒரு திருகாணி முடுக்கச் சோம்பல்! சமையலறையில் கிரானைட் பதிக்கத் தெரிந்தது, வாசலில் தேக்குக் கதவு போடத் தெரிந்தது, இது மட்டும் தெரியவில்லை.

இதில் ஒரு ஞானி எனக்குச் சொன்ன யோசனை, "ஆம்ப்ளிஃபயர் பிளக்ல எர்த் பின்னை ஒடிச்சிடுங்க, ஹம் போயிடும்." சில சமயம் போகும்தான். என்றைக்காவது உள்ளே ஃபேஸ் ஒயர் தகரத்தில் பட்டால் நானும் போய்விடுவேன்.

சரி, கடைசியில் என்ன செய்தேன்? பச்சை ஒயரை மாட்ட வைத்தேன். கேபினெட் சுருசுருப்பு நின்றது, "கிர்ர்" பாதியானது. ஆனால் கம்ப்யூட்டர் எர்த்துக்கும் கேபிள் டிவி ஒயருக்கும் நடுவே கரண்டு சுற்றிவர ஒரு வளையம் மிச்சம் இருந்ததால் "ம்ம்ம்" போகவில்லை. அப்புறம் கம்ப்யூட்டர் பின்பக்கம் சிவப்பாக மினுக்கும் ஆப்டிகல் ஓட்டை ஒன்று ரெண்டு வருடமாகச் சும்மா கிடப்பது கண்ணில் பட்டது. தோஷிபாக்காரர்கள் 1983இல் கொண்டுவந்த சமாச்சாரம். பிளாஸ்டிக் இழையில் வெளிச்சம் மட்டும்தான் போகும், கரண்டுக்கு வழியே இல்லை. 350 ரூபாய்க் கேபிள். மாட்டிய நொடியில் மவுஸ் ஊமையாகிவிட்டது, ஹம்மும் காணோம். 18,000 எங்கே, 350 எங்கே! அந்தக் கடைக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே, வயிறு எரிகிறது.

இன்னும் ஒன்று பாக்கி. ஃபேன் ரெகுலேட்டர். வழவழவென்று சுற்றுகிற ரகம் வினாடிக்கு 100 தடவை கரண்டை நறுக்கி நறுக்கி விடுகிறது, அது ஸ்பீக்கரில் "ஸ்ர்ர்ர்" என்று கேட்கிறது. டக் டக்கென்று படிப்படியாகத் திரும்புகிற கெபாசிட்டர் ரகத்தில் இந்தத் தொல்லை இல்லை. மாற்றித் தாருங்கள் என்று வீட்டு ஓனரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்து ஒரு நிமிஷம் கேட்டார்.

"நல்லாத்தானே தம்பி பாடுது?"