பாபிலோன் 5-க்குத் திட்டமே இல்லை என்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். ஒரு விண்வெளி நிலையத்தில் நடக்கும் அமெரிக்கத் தொடர் பாபிலோன் 5. அதையும் அதை உருவாக்கி எழுதியவரையும் பற்றி இரண்டு பேர் பேசுகிறார்கள். "அஞ்சு வருஷக் கதையையும் முன்னாடியே யோசிச்சு வெச்சிருந்தேன்னு சும்மா அடிச்சு விட்டிருக்காரு. ஆள் மாற மாறக் கதையையும் மாத்தியிருக்காரு. இதுல திட்டம் எங்க இருக்கு?" என்று ஒருவர் கேட்கிறார். இன்னொருவர் சிரிக்கிறார். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து முதல் சீசன் கதாநாயகன் எப்படி விறைப்பாக நின்று பேசுவார் என்று நடித்துக் காட்டுகிறார்கள். பேசாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். மனசு கேட்கவில்லை.

திட்டம் இருந்தது. அது மாறியது. மாறிவிட்டதாலேயே இல்லை என்று ஆகிவிடாது. இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி அந்தக் கதையோடு வந்தபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரும்பாலும் ஒரு வாரப் பிரச்சினை அந்த வாரமே தீர்ந்துவிடும். அடுத்த வாரம் எல்லோரும் பழையபடி நிற்பார்கள். இவர் தொடக்கம், நடு, முடிவு உள்ள ஒரு நாவலைத் திரையில் சொல்லப் போகிறேன் என்றார். ஒரு சீசனுக்கு ஒரு வருடம், 2258-இலிருந்து 2262 வரை. முன்னோட்டப் படம் 1993 பிப்ரவரியில் வந்தது, தொடர் 1994 ஜனவரியில் தொடங்கியது. மொத்தம் 110 எபிசோடுகளில் 92-ஐ அவரே எழுதினார். மூன்றாவது, நான்காவது சீசன்களில் வேறு யாருடைய பேனாவும் படவில்லை. ஒரு சீசன் முழுக்கத் தனியாளாக எழுதுவது என்ன வேலை என்று எழுதிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

திட்டத்துக்குச் சாட்சி வேண்டுமா? முதல் எபிசோடிலேயே வேற்றுக்கிரகத் தூதர் லோண்டோ தன் கனவைச் சொல்கிறார். தான் கிழவனான பிறகு பகை இனத்துத் தூதர் ஜிகாரின் கைகள் தன் கழுத்தை நெரிக்கும், இருவரும் அப்படியே சாவார்கள் என்று. பார்க்கிறவர்களுக்கு அப்போது அது ஒரு குடிகாரத் தூதரின் புலம்பல். 1996-இல், மூன்றாவது சீசனில், அந்தச் சாவு கண்முன்னே நடக்கிறது. இந்த முறை அந்தக் கைகள் ஏன் நெரிக்கின்றன என்று நமக்குத் தெரியும். லோண்டோவே நெரிக்கச் சொல்லிக் கேட்கிறார். ஆத்திரமாகத் தெரிந்தது கருணையாக மாறிவிடுகிறது. முடிவைக் கையில் வைத்துக்கொள்ளாதவன் முதல் நாளே அந்தக் கனவை எழுதியிருக்க மாட்டான்.

மாற்றங்களை நான் மறைக்கவில்லை. முன்னோட்டப் படத்தில் இருந்த துணைத் தளபதி டகாஷிமா, டாக்டர் கைல், மனம் படிக்கும் லீட்டா மூன்று பேருமே தொடர் தொடங்கும்போது இல்லை. இன்னொரு வேற்றுக்கிரகத் தூதரான டெலனை முதலில் ஆண் பாத்திரமாகக் காட்டுவதாகத்தான் யோசனை. மீரா ஃபுர்லான் நடிக்க, குரலைக் கருவியால் மாற்றுவது என்று இருந்தார்கள். குரல் சரியாக அமையவில்லை, அந்த யோசனையைக் கைவிட்டார்கள். கூட இருந்தே துரோகம் செய்வது டகாஷிமாவுக்கு வைத்திருந்த வேலை. நடிகை வரவில்லை. ஸ்ட்ராசின்ஸ்கி துரோகத்தைத் தூக்கிப் போட்டாரா? இல்லை, பிரித்துக் கொடுத்தார். நிலையத்தின் பாதுகாப்புத் தலைவர் கரிபால்டியை முதுகில் சுடும் வேலை அவருடைய உதவியாளனுக்குப் போனது. தனக்கே தெரியாமல் உளவாளியாக இருக்கும் வேலை, லீட்டாவுக்குப் பதிலாக மனம் படிக்க வந்த தாலியாவுக்குப் போனது. தாலியாவாக நடித்த ஆண்ட்ரியா தாம்சன் விலகும் நேரம் வந்தபோது ஸ்ட்ராசின்ஸ்கி அந்த வெடியைக் கொளுத்தினார். கொளுத்த வந்தது யார் தெரியுமா? முன்னோட்டப் படத்தோடு காணாமல் போன அதே லீட்டா. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வெளியே போக ஒரு ரகசியக் கதவு வைத்திருப்பதாக ஸ்ட்ராசின்ஸ்கி அப்போதே சொல்லிக்கொண்டிருந்தார். நடிகர்கள் போவார்கள், உடம்பு சரியில்லாமல் போகும், சேனல் மூடும் என்று எதிர்பார்த்து எழுதுவதும் திட்டம்தான். அதுதான் திட்டம்!

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சீரியலுக்கு வசனம் எழுதிப் பிழைக்கிறவன். எந்தச் சேனல், எந்தச் சீரியல் என்று கேட்காதீர்கள். அதில் ஒரு அண்ணி பாத்திரம். வீட்டில் எல்லோருக்கும் செல்லம். மாமனாரின் மாத்திரை டப்பாவில் மாத்திரையை மாற்றி வைப்பது அவள்தான் என்று பின்னால் தெரிய வேண்டும். மாதக்கணக்கில் அதற்காக விதை போட்டிருந்தேன். தண்ணீர் செம்பை அவள் எடுத்து வைப்பது, டப்பாவை அவள் மட்டும் தொடுவது, எல்லாமே. ஒரு நாள் ராத்திரி சேனலில் இருந்து போன். "நாளையிலிருந்து அவங்க வரமாட்டாங்க. ட்ராக்கை எப்படியாவது முடிச்சிடுங்க." காரணம் அந்தப் பெண்ணின் சொந்த விஷயம். எனக்குத் தெரியும், வெளியே சொல்லக் கூடாது.

மறுநாள் காலை வளசரவாக்கத்தில் ஷூட்டிங் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, அட்டையைத் தொடையில் வைத்துப் பேப்பரில் எழுதுகிறேன். கீழே லைட் போட்டாகிவிட்டது. அசோசியேட் வந்து நிற்கிறார், கையில் அந்த மாத்திரை டப்பா. "அண்ணே, இதை இப்ப யார் கையில கொடுக்கறது?" அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடிந்ததே எனக்கு முடிவு தெரிந்திருந்ததால்தான். அத்தை கையில் கொடுங்கள் என்றேன். அண்ணியைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிட்டு, அவள் எடுத்து வைத்த செம்பையெல்லாம் அத்தை சொல்லி எடுத்து வைத்ததாக மாற்றினேன். அந்த வாரம் பார்க்கிறவர்கள் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'ரைட்டருக்கு மூளை இருக்கா', 'அண்ணியை மறந்துட்டாங்களா', 'காசுக்காகத் தூக்கிட்டாங்க'. ஒவ்வொன்றையும் படித்தேன். ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியாது. சொன்னால் அந்தப் பெண்ணின் வலியை விற்றதாகிவிடும்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்பு எனக்கு இப்படிச் சுட்டது.

முதல் சீசன் கதாநாயகன் சிங்க்ளேராக நடித்தவர் மைக்கேல் ஓ'ஹேர். இரண்டாவது சீசனில் அவர் இல்லை, புதுத் தளபதி ஷெரிடனாக ப்ரூஸ் பாக்ஸ்லைட்னர் வந்தார். நடிக்கத் தெரியவில்லை, அதனால் தூக்கிவிட்டார்கள் என்று வருடக்கணக்காகப் பேசினார்கள். ஸ்ட்ராசின்ஸ்கி வாய் திறக்கவில்லை. 2012-இல் ஓ'ஹேர் இறந்தார். அதற்கு அடுத்த வருடம் பீனிக்ஸ் நகரில் ரசிகர்கள் முன்னால் ஸ்ட்ராசின்ஸ்கி உண்மையைச் சொன்னார். முதல் சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே ஓ'ஹேருக்குக் கடுமையான மனநோய். இல்லாதது தெரியும், யாரோ துரத்துவதாகத் தோன்றும். சிகிச்சைக்காகச் சில மாதங்கள் படப்பிடிப்பையே நிறுத்துகிறேன் என்று ஸ்ட்ராசின்ஸ்கி சொல்லியிருக்கிறார். வேண்டாம், தொடரே நின்று மற்றவர்கள் வேலை போய்விடும் என்று மறுத்தவர் ஓ'ஹேர். அந்த நிலையிலேயே சீசனை முடித்துக் கொடுத்தார். நான் சாகும்வரை இதை வெளியே சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார். ஸ்ட்ராசின்ஸ்கி அப்படியே செய்தார். நீங்கள் கிண்டல் செய்த விறைப்பு அந்த நோயோடு அந்தச் சீசனில் நின்ற விறைப்பு.

இது வெளியே வந்து இத்தனை வருடம் ஆகிவிட்டது. நேரலை போடுவதற்கு முன்னால் ஒரு தடவை தேடிப் பார்த்திருக்கலாம்.

சரி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன். 'பின்னாளில் அச்சான பழைய திட்டத்தைப் படித்தேன், அதில் நிலையமே அழிகிறது, சிங்க்ளேரும் டெலனும் குழந்தையோடு தப்பி ஓடுகிறார்கள், இன்னொரு தொடரில் கதை தொடர்கிறது, நாம் பார்த்தது வேறு கதை' என்று ஒரு நண்பர் எழுதினார். படித்தேன். மறுக்கவில்லை. ஆனால் அதிலும் முந்தைய நிலையமான பாபிலோன் 4-ஐக் காலம் தாண்டி இழுக்கிறார்கள், பின்னால் இல்லை, எதிர்காலத்துக்கு. டெலனோடு நிற்க ஒரு தளபதி இருக்கிறான். ஒரே ஆள் சுமக்க வேண்டியதை ஸ்ட்ராசின்ஸ்கி இரண்டு பேருக்குப் பிரித்தார், எதிர்காலத்தை ஷெரிடனுக்கும் கடந்த காலத்தைச் சிங்க்ளேருக்கும். ஓ'ஹேர் மூன்றாவது சீசனில் திரும்பி வந்து தன் பாத்திரத்தை முடித்துக்கொடுத்துப் போனார். எனக்கு அந்த இரண்டு எபிசோடுகள் பழைய திட்டத்தைவிட மேல்.

நான்காவது சீசன் அவசரமாக ஓடுகிறது என்பீர்கள். ஆமாம், ஓடுகிறது. ஒளிபரப்பிய அமைப்பே கலைந்துகொண்டிருந்தது, ஐந்தாவது வருடம் கிடைக்குமா என்று தெரியாது. நிழல்கள் என்ற எதிரி இனத்தோடு நடக்கும் போர் ஆறே எபிசோடில் முடிந்துவிட்டது என்று எனக்கும் வருத்தம். ஷெரிடனைக் கட்டி வைத்து விசாரிக்கும் எபிசோடோடு சீசன் முடிந்திருக்க வேண்டியது. அடுத்த வருடம் இருக்காது என்ற பயத்தில் மிச்சக் கதையையும் அதே சீசனில் அடைத்தார்கள், தொடரின் கடைசி எபிசோடையும் படமாக்கிவிட்டார்கள். பிறகு டிஎன்டி என்ற கேபிள் சேனல் ஐந்தாவது சீசனை எடுத்துக்கொண்டது. எடுத்து வைத்த கடைசி எபிசோடைத் தள்ளி வைத்து, அந்த இடத்துக்கு வேறொன்றை எழுதினார்கள். அதனால் ஐந்தாவது சீசன் முழுக்க இல்லாத பழைய துணைத் தளபதி இவானோவா கடைசி எபிசோடில் மட்டும் இருக்கிறார். அந்தச் சீசனில் நிலையத்தை நடத்திய கேப்டன் லாக்லி இல்லை. தையல் தெரிகிறது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடைசி எபிசோடை இயக்கி, நிலையத்தின் விளக்கை அணைக்கும் தொழிலாளியாகவும் நின்றவர் ஸ்ட்ராசின்ஸ்கிதான். திட்டம் இல்லாதவன் என்று அவரைச் சொல்ல எப்படி மனசு வருகிறது?

"அமெரிக்காக்காரனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குற?" என்று கேட்டவருக்கு: நான் பார்க்கிற வேலையும் இதுதான், அதனால் வாங்குகிறேன். அடுத்தவர் உடம்புக்கும் வீட்டுக்கும் ஏதோ நடக்க, அதைச் சொல்லாமல் கதையை மட்டும் திருத்தி, திட்டையும் வாங்கிக்கொள்கிற எல்லோருக்காகவும் வாங்குவேன்.

கீழே எழுத வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்தாவது சீசனின் முதல் பாதி சொதப்பல் என்று எழுதுங்கள், பாதி ஒத்துக்கொள்வேன். ஷெரிடனைவிடச் சிங்க்ளேர் பிடிக்கும், பிடிக்காது என்று சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். ஓ'ஹேர் நடிப்பு உங்களுக்கு ஒட்டவில்லை என்றுகூட எழுதலாம். அந்த மனிதரைப் போல நடித்துக் காட்டும் துண்டுக் காணொளியை யாராவது ஒட்டினால் நீக்கிவிடுவேன். ஏன் நீக்கினாய் என்று உள்பெட்டிக்கு வராதீர்கள்.