மாணவரின் கழுத்தில் வர்ம அடி காட்டாதீர்கள்

அடிபட்டால் உடலுக்கோ உயிருக்கோ கேடு விளையும் இடங்களை வர்மம் என்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து ஆசான்களின் மரபு, மனித உடலில் 108 வர்மங்கள் இருப்பதாகக் கூறுகிறது. அவற்றுள் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அதைவிடக் கடுமை குறைந்த தொடுவர்மம் 96. இவை அனைத்தும் கட்டுக்கதை என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அடிமுறை என்னும் தற்காப்புக் கலையைப் பயின்று, அடிபட்டு, அடிபட்டவரை வர்ம பாதிப்பை நீக்கும் இளக்குமுறையால் தேற்றிய பல தலைமுறைகளின் கூர்ந்த கவனிப்பு அந்தக் கணக்கில் இருக்கிறது. ஆனால், விரலால் தொட்டவுடன் எதிராளி சுருண்டு விழுவான் என்று மேடைகளில் காட்டப்படுவது வேறு விஷயம்.

உடலில் சில இடங்கள் அடிக்கு எளிதில் பணிந்துவிடும் என்பதில் ஐயமில்லை. தாடைக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில், பெரிய தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அங்கே பலத்த அடி விழுந்தால், அழுத்தம் ஏறிவிட்டதாக உடல் தவறாகக் கணித்து இதயத் துடிப்பைக் குறைத்துவிடுவதால், ஆள் மயங்கிச் சரியக்கூடும். வலது விலாவின் கீழே ஈரலில் விழும் குத்து, தேர்ந்த குத்துச்சண்டை வீரரையும் மண்டியிட வைக்கும். முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் ஒரு நரம்பு தோலை ஒட்டியே ஓடுகிறது. 2021 ஜனவரியில் அபுதாபியில் நடந்த யுஎஃப்சி என்னும் கலப்புச் சண்டைப் போட்டியில், கெண்டைக்காலின் அந்தப் பகுதியில் டஸ்டின் பாய்ரியே மீண்டும் மீண்டும் உதைத்ததில் கானர் மெக்ரிகரின் கால் தளர்ந்தது. இரண்டாம் சுற்றில் அவர் வீழ்ந்தார்.

அந்த உதைகள் முழு வேகத்தோடு, பலமுறை, உள்ளங்கை அகலமுள்ள பகுதியில் விழுந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். வர்ம மரபும் அடியின் விசையை மாத்திரை என்ற அளவால் கால், அரை, முக்கால், ஒன்று என்று அளந்தே பேசுகிறது. விசை தேவையில்லை என்று அது சொல்லவில்லை. வியர்த்து, நகர்ந்து, திருப்பி அடிக்கும் ஒருவரின் உடலில் விரல் நுனியளவு இடத்தைத் தேடிப் பிடிப்பது ஏறத்தாழ இயலாத காரியம். தொடாமலே மயக்குவதாகக் கூறிய அமெரிக்க ஆசிரியர் ஜார்ஜ் தில்மனின் வித்தை, அவருடைய மாணவர்களிடம் பலித்தது, நம்பாதவரிடம் பலிக்கவில்லை. போட்டி விதிகள் தடுப்பதால்தான் வர்ம அடிகள் வெளிப்படவில்லை என்ற வாதமும் நிற்காது. 1993இல் யுஎஃப்சி தொடங்கியபோது விதிகள் மிகச் சிலவே இருந்தன; அப்போதும் போட்டிகளை முடித்தவை பெரும்பாலும் குத்து, உதை, கழுத்து நெரிப்பு ஆகியவைதாம்.

நெஞ்சில் அடித்து உயிரைப் பறிக்கும் வர்மம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நெஞ்சில் படும் அடியால் இதயம் நின்றுபோவது மருத்துவம் அறிந்த உண்மை. பேஸ்பால் பந்து பட்டுச் சிறுவர்கள் அவ்வாறு இறந்திருக்கிறார்கள். ஆயினும் அது நிகழ, ஒவ்வொரு துடிப்பிலும் வரும் ஏறத்தாழ 20 மில்லி நொடி இடைவெளிக்குள் அடி விழ வேண்டும். அந்தக் கணத்தை எந்த ஆசானாலும் தேர்ந்தெடுக்க முடியாது. எனவே அதைத் திறமை என்று போற்றுவது தவறு, அது விபத்து.

இதையெல்லாம் நான் எழுதுவதற்குக் காரணம், நம்பிக்கையோடு அசையாமல் நிற்கும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளின் கழுத்தில் அடித்து மயங்க வைத்து, அதைக் காணொளியாகப் பரப்பும் வழக்கம்தான். அந்த அடியில் தமனியின் உட்சுவர் கிழிந்தால் அங்கே இரத்தம் உறைந்து, மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். இளம் வயது அதற்குக் காப்பு அல்ல. கலையின் பெருமையைக் காட்ட வேண்டும் என்றால், ஆசான்கள் இளக்குமுறையையும் எலும்பு முறிவு வைத்தியத்தையும் காட்டட்டும். அடிமுறையைத் தடுத்தாடும் எதிராளியோடு ஆடிக் காட்டட்டும்.

ஏற்கெனவே கழுத்தில் அடி வாங்கிய பிள்ளைக்கு, அன்றோ சில நாள் கழித்தோ கடுமையான கழுத்துவலி, பேச்சுக் குழறல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றுள் எது தோன்றினாலும், தடவல் சிகிச்சைக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; கழுத்தில் அடிபட்டதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.