கேள்விக்குப் பின் வரும் மூன்று வினாடிகள்

பள்ளியில் சேரும் வயதில் ஓயாமல் ‘ஏன்’, ‘எப்படி’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைகள், சில ஆண்டுகளுக்குள் ‘இது தேர்வுக்கு வருமா’ என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். இதற்குக் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் காரணம் சொல்வது எளிது. ஆனால் ஓர் ஆசிரியராக நான் முதலில் கவனிக்க வேண்டியது, வகுப்பில் ஒரு கேள்வி எழுந்தவுடன் அதற்கு என்ன நேர்கிறது என்பதைத்தான் என்று நம்புகிறேன்.

வழக்கமான வகுப்பில் ஆசிரியர் கேட்கிறார், ஒரு மாணவர் பதில் சொல்கிறார், ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று ஆசிரியர் தீர்ப்பளிக்கிறார், உடனே அடுத்த கேள்வி வருகிறது. அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் இத்தகைய வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அந்த இடைவெளியை மூன்று வினாடிகளுக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ என்ற பதிலும் மௌனமும் குறைந்தன, மாணவர்கள் தாமாகவே கேள்வி கேட்பது கூடியது. மாணவர் பதில் சொல்லி முடித்த பிறகும் ஆசிரியர் சற்றுப் பொறுத்திருப்பது அதே அளவுக்கு முக்கியம் என்றும் அவர் காட்டினார். அவருடைய கண்டறிதல்களில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று: நன்றாகப் படிப்பவர்கள் என்று ஆசிரியர் கருதிய மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும், பின்தங்கியவர்கள் என்று கருதியவர்களுக்குக் குறைந்த நேரமும் கிடைத்திருக்கின்றன. யோசிக்க யாருக்கு அதிக நேரம் தேவையோ அவருக்கே அது மறுக்கப்படுகிறது. பிறகு, அந்தப் பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று நாமே எழுதி வைக்கிறோம்.

காத்திருப்பது மட்டும் போதாது. காத்திருக்கத் தகுந்த கேள்வியும் வேண்டும். ‘ஒளிச்சேர்க்கை என்றால் என்ன’ என்று கேட்டால் பாடநூலில் உள்ள வரி திரும்பி வரும், அதில் விவாதிக்க எதுவும் இருக்காது. நான் வேறு விதமாகத் தொடங்குவேன். ஒரு சிறு விதையையும் கனமான ஒரு மரக்கட்டையையும் மேசையில் வைத்து, இவ்வளவு எடை எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். பெரும்பாலோர் மண் என்பார்கள், சிலர் தண்ணீர் என்பார்கள், சூரிய ஒளி என்று சொல்பவர்களும் உண்டு. எதையும் சரி என்றோ தவறு என்றோ சொல்லாமல், ஒவ்வொருவரும் தம் விடையை ஏட்டில் எழுதிக்கொண்ட பிறகு, மாறுபட்ட விடை எழுதிய ஒருவரோடு பேசச் சொல்வேன். முதலில் தனியே முடிவெடுத்து, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதிட்டு, மீண்டும் விடை சொல்லும் இந்த முறையை ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரவலாக்கினார். எழுதி வைத்த விடை தனக்குரியது என்பதால், அதைக் காக்கவாவது மாணவர் காரணம் தேடத் தொடங்குகிறார்.

மண் என்ற தரப்பு ஓங்கும்போது, வேதியியலாளரும் மருத்துவருமான வான் ஹெல்மான்ட்டின் சோதனையைச் சொல்வேன். 17ஆம் நூற்றாண்டில் அவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, தண்ணீர் மட்டுமே ஊற்றி 5 ஆண்டுகள் வளர்த்தார். மரம் 169 பவுண்டுக்குச் சற்று மேல் எடை காட்டியது. மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்சு மட்டுமே. எனவே மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். தண்ணீர் என்று எழுதிய மாணவர்கள் இதைக் கேட்டு மகிழ்வார்கள். அப்படியானால் கட்டையை எரித்தால் கரி எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்கும்வரை நான் பேசாமல் இருப்பேன். பெரும்பாலும் அந்தக் கேள்வி அவர்களிடமிருந்தே வந்துவிடும். மரத்தின் உலர் எடை பெரும்பாலும் காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வந்தது என்பதை அதற்குப் பிறகு விளக்கினால், சிலர் நம்ப மறுத்து எதிர்வாதம் செய்வார்கள். அந்த மறுப்பைவிட ஓர் ஆசிரியருக்குக் கிடைக்கும் பெரிய பரிசு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

‘பாடத்திட்டத்தை யார் முடிப்பது’ என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, நடத்த வேண்டியதும் இல்லை. பெயர்களையும் குறியீடுகளையும் நேரடியாகச் சொல்லிக்கொடுப்பதே நல்லது. ஆனால் பிள்ளைகள் மனத்தில் தவறான ஒரு விளக்கம் ஏற்கெனவே வேரூன்றியிருக்கும் இடங்களில், சொல்லிவிட்டுக் கடந்து போனால் பாடம் நமக்கு முடியுமே தவிர அவர்களுக்கு முடியாது.

விவாதம் என்றவுடன் குரல் உயர்ந்தவர்கள் வகுப்பைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. கையை உயர்த்தியவரையே அழைக்காமல், இருவர் மூவராகப் பேசிய பிறகு யாரை வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று வைத்தால், தயங்கும் பிள்ளைக்கும் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும். எதிர்த்தரப்பு சொன்னதை அவர்கள் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகே மறுக்கலாம் என்பது என் வகுப்பில் கண்டிப்பான விதி. அப்போதும் பேச விரும்பாதவர்களை நான் வற்புறுத்துவதில்லை. பாடம் முடிந்தபின் இன்னும் புரியாமல் இருக்கும் ஒன்றை ஒரு சீட்டில் பெயரில்லாமல் எழுதித் தரச் சொல்கிறேன். அடுத்த வகுப்பை அந்தச் சீட்டுகளில் ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.