ரயில் அட்டவணைக்காக ஒரு போரா?

1914இல் தொடங்கிய முதல் உலகப் போர் தவிர்க்கவே முடியாதது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜூலை 28 காலை, ஆஸ்திரியாவின் இறுதி எச்சரிக்கைக்கு செர்பியா அனுப்பிய பதிலைப் படித்த ஜெர்மன் பேரரசர் கெய்சர் வில்ஹெல்ம், இனி போருக்குக் காரணமே இல்லை என்று அதிலேயே எழுதி வைத்தார். அன்றைக்கே ஆஸ்திரியா செர்பியா மீது போரை அறிவித்துவிட்டது, அதுவும் தந்தியில்! மறுநாள் இரவு ரஷ்யப் பேரரசர் ஜார் நிக்கோலஸ் தன் நாட்டின் முழுப் படைதிரட்டலை நிறுத்தினார். அடுத்த நாளே அவருடைய வெளியுறவு அமைச்சர் சசோனோவ் நச்சரித்து அந்த உத்தரவை மறுபடி வாங்கிவிட்டார்.

சரி, ஆகஸ்ட் 1 அன்றாவது? பிரான்ஸை விட்டுவிட்டு ரஷ்யா பக்கம் மட்டும் போகலாமே என்றார் கெய்சர். ரயில் அட்டவணை வரை திட்டம் போட்டாயிற்று, இனி மாற்ற முடியாது என்று கையை விரித்தார் ஜெர்மன் படைத் தலைமைத் தளபதி மோல்ட்கே. ஜெர்மன் படையின் ரயில்வே பிரிவில் இருந்த ஸ்டாப் என்ற அதிகாரி, மாற்ற முடிந்திருக்கும் என்று பிறகு புத்தகமே எழுதினார்.